நிழல் அளக்கும் நூல்

ரோடோப்பி மலைச்சரிவில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி எழுப்பிய சுவருக்கு மேஸ்திரி குரோஸ்தான் களிமண் பூசுகிறார். சிமெண்ட் வீட்டின் ஈரம் நெஷ்காவின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டதால், கணவன் வெல்கோ அவளுக்காகக் கட்டும் வீடு இது. கடைசி மூலையை அடைக்குமுன், அவள் இருமியபடியே வந்து வெயிலில் நிற்கிறாள். "என் நிழல அளந்து உள்ள வச்சிடுங்கண்ணே. வீடு நிலைச்சு நிக்கும்." நிழலை அளந்த நூல் சுவருக்குள் போனால், நிழலுக்குரியவர் அதிக நாள் தாங்கமாட்டார் என்பது ஊர் நம்பிக்கை. "வாயக் கழுவும்மா," என்கிறார் மேஸ்திரி. "எப்படியும் போறவதானே," என்கிறாள் நெஷ்கா. "அவராவது நல்லா இருக்கட்டும்." மேஸ்திரி மண் அப்பிய விரல்களால் நூலை எடுக்கிறார். வெல்கோ வந்து அவள் முதுகை ஒட்டி நிற்கிறான். அவன் நிழல் அவளுடையதை முழுக்க மூடுகிறது. "இப்ப அளங்க," என்கிறான். அவள் பதறி விலகுகிறாள். அவன் நிழலும் அவளோடு கூடவே நகர்கிறது.