மீன்சந்தையில் ஒரு கை

ரோம் மீன்சந்தையில் காலை வெயில் செதில்களின் மேல் மின்னுகிறது. சந்தை அதிகாரி பதவிக்கு நிற்கும் வல்ஜியஸ், வேட்பாளர்கள் அணியும், சுண்ணம் தேய்த்த வெள்ளை அங்கியில் செனட்டுக்குப் போகிறார். மீன்காரன் டெட்டியஸ் ஈரக்கையைத் துடைத்துவிட்டு நீட்டுகிறான். தேர்தல்தோறும் அந்தக் கையைப் பிடித்துத்தான் வாக்குக் கேட்பார்கள். கடைக்குள் ஏறும் சாக்கடையைப் பற்றி அவனும் அப்போதுதான் கேட்க முடியும். பெயர்களை நினைவூட்டும் அடிமை வல்ஜியஸின் காதருகே குனிகிறான். "டெட்டியஸுங்க, எஜமான்." "இனிமே இவன் பேரு எதுக்குடா? சீசர் ஆளைச் சொல்லுவாரு, செனட்டு தலையாட்டும். இவனுங்க ஓட்டெல்லாம் போச்சு." அங்கி நிற்காமல் நகர்கிறது. "ஐயா, சாக்கடை..." "இன்னும் சத்தமாக் கூப்பிடு, மீனாவது திரும்பிப் பாக்கும்," என்கிறாள் டெட்டியஸின் மனைவி. கை நீண்டபடியே இருக்கிறது. மீன் வாங்க வந்த ஒருத்தி அதில் ஒரு கணவாயை வைக்கிறாள். "இதைச் சுத்தம் பண்ணிக் குடுப்பா."