நிற்காத இரைச்சல்

குடத்தைத் தெருக்குழாயடியிலேயே போட்டுவிட்டு ஓடிவந்த ஜெசிந்தா, மீட்டர் பெட்டிக்கும் லைன்மேன் தவசிக்கும் நடுவில் புகுந்து நின்றாள். "அண்ணே, பியூஸப் பிடுங்கிராதீங்க. சின்னவளுக்கு மூச்சு வாங்குது. உள்ள மருந்து மெஷின் ஓடுது."

தவசி பெட்டி மூடியில் வைத்த கையை எடுக்கவில்லை. "ஓடுதா?"

"காது கேக்கலையா உங்களுக்கு?"

கேட்டது. சாத்திய கதவுக்குப் பின்னால் உர்ர்ரென்று ஓர் இரைச்சல்.

"சத்தம் நின்னா சின்னவ பயந்துருவாண்ணே. மாஸ்க்கைப் பிச்சு எறிஞ்சிட்டு அழுவா. அழுதா இன்னும் இழுக்கும். பெரியவளப் பிடிச்சுக்கச் சொல்லிட்டுத்தான் தண்ணிக்குப் போனேன். கரண்ட் பில்லுக்கு மகளிர் சங்கத்துல உதவி பண்றாங்க. சாயங்காலம் கட்டிருவேன்."

"போன தடவையும் இதே சாயங்காலம்தானம்மா சொன்ன."

"இது நிஜ சாயங்காலம்ணே."

தவசி சிரிக்கவில்லை. உள்ளே இரைச்சல் ஒரு நொடி அறுந்து, மறுபடி தொடர்ந்தது. அவன் சன்னலுக்கு நகர்ந்து எட்டிப் பார்த்தான். ஏழெட்டு வயதுப் பெரியவள், தங்கையின் முகத்தில் மாஸ்க்கை அழுத்திப் பிடித்திருந்தாள். அவளுடைய உதடுகள் அதிர்ந்துகொண்டிருந்தன. மூச்சு தீர்ந்தபோது அவசரமாக ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் உர்ர்ரென்றாள்.

"நல்லா இருப்பீங்கண்ணே," என்றாள் வெளியே ஜெசிந்தா. "மருந்து தீர்ற வரைக்குமாவது விட்டு வச்சீங்களே."

தவசியின் கை சட்டைப்பைக்குப் போனது. அவள் குழாயடியிலிருந்து கிளம்பும் முன்பே அவன் பிடுங்கிவிட்ட பியூஸ் கட்டை அதில் இருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை.