மூன்றாவது கேமரா

சுவா எஸ்டேட்டில், முன்பு தோட்டத்துக் கணக்கர் குடியிருந்த பழைய கிராணி வீட்டில் குணாளன் ஒரு சிறிய இணையத் தொலைக்காட்சி நடத்தினார். கேமரா, ஒலி, திரையில் ஓடும் எழுத்து, ஒளிபரப்பு எல்லாமே ஒரே கம்ப்யூட்டரில். சுவரைப் பார்த்து உட்கார்ந்து அவர் அதை இயக்குவார். அவருக்குப் பின்னால், பச்சைத் துணிக்கு முன் நின்று மகள் ஷாமினி செய்தி வாசிப்பாள். மார்ச் மாதம் சி ரூசா சாலையில் மோட்டார் விபத்தில் அவள் இறந்துபோனாள்.

கருமாதி முடிந்த மறுவாரம், ஒரு காலையில் குணாளன் கம்ப்யூட்டரைத் திறந்தார். அறையில் இரண்டு கேமராக்கள்தான். திரையில் மூன்று படங்கள் வந்தன. மூன்றாவதில் அவருடைய முதுகு தெரிந்தது, ஷாமினி நிற்கும் இடத்திலிருந்து பார்ப்பதுபோல.

காப்பி கொண்டுவந்த மனைவி ரதி திரையைப் பார்த்தாள். பிறகு பின்னால் பார்த்தாள். பச்சைத் துணி மட்டும் தொங்கியது.

"என்னமோ கோளாறுலா. ஆஃப் பண்ணிருங்க."

"இரு ரதி. கிட்ட வருது."

படத்தில் அவருடைய முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. நரைத்த பிடரி தெரியும் அளவுக்கு நெருங்கி நின்றது.

குணாளன் திரும்பவில்லை.

"சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார்.

மூன்றாவது படம் மெதுவாக ஒருமுறை கீழே தாழ்ந்து, மேலே நிமிர்ந்தது.