துவைக்கக் கூடாத சேலை

உண்ணாமலை டீச்சர் சேலைய மூக்குகிட்ட கொண்டுபோயி மோந்து பாத்தாங்க.

வேம்பு வாசப்படியிலேயே நின்னா. தோள்ல பள்ளிக்கூடப் பை. இடுப்புல தம்பி செல்லதுரை, தூக்கம் கலையாம சிணுங்கிக்கிட்டு.

"நேத்து கொண்டாந்த அதே சேலைதானடி? உங்கம்மா ஒரு ராத்திரி கட்டிப் படுத்ததும் சேலைக்கு உசுரு வந்துடுச்சி பாரு."

பாப்பாத்தி ஆயா பால ஆத்திக்கிட்டே சிரிச்சா. "நேத்து இவன் போட்ட கூச்சலு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுருக்கும் டீச்சர். அடுத்த ஊட்டுக்காரன் சண்டைக்கு வந்துட்டான்."

வேம்புக்குச் சிரிப்பு வரல. அழுகையும் வரல. ரெண்டு நாளா அப்படித்தான் இருக்கு. கால்ல முள்ளு ஏறினாக்கூட பாத்தாத்தான் தெரியுது.

பெரம்பலூர்ல மாதர் சங்கம் நடத்துற காப்பகம் அது. வேலைக்குப் போற பொம்பளைங்களோட புள்ளைங்களுக்கு மட்டுந்தான் எடம். அம்மா வேலைய வுட்டு நின்னுட்டா, புள்ளையையும் நிறுத்திடுவாங்க.

சட்டம் ஏகப்பட்டது. தலையில பேன் இருக்கக் கூடாது. நெகம் வளந்திருக்கக் கூடாது. தட்டு வெளக்கியிருக்கணும், மாத்து டவுசரும் துண்டும் துவைச்சிருக்கணும். எதுல அழுக்கு இருந்தாலும் டீச்சர் வாயில ஒரே பேச்சுதான், "உங்கம்மாவ வரச் சொல்லு."

துவைக்கவே கூடாதது ஒன்னுதான். தூளிச் சேலை.

உத்தரத்துல வரிசையா தூளி தொங்கும். ஒவ்வொன்னும் அந்தந்தப் புள்ளையோட அம்மா சேலை. பழச ஆயா சனிக்கெழமையே வெந்நீர்ல அவிச்சிப் போட்டுடுவா. திங்கக்கெழமை காலையில, அம்மா ராத்திரி கட்டிப் படுத்த சேலைய அப்படியே சுருட்டிக் கொண்டாரணும். வேர்வையோ, அடுப்புப் பொகையோ, அந்த வாசனைக்குத்தான் விடியக்காலம் எழுப்பித் தூக்கியாந்த புள்ளைங்க திரும்பவும் கண்ணு அசரும்.

அசந்தப்பறந்தான் கொண்டாந்தவங்க போகலாம். அசரலன்னா திருப்பித் தூக்கிட்டுப் போயிடணும்.

வேம்பு ஞாயித்துக்கெழமை எல்லாத்தையும் துவைச்சா. எதுலயும் ஒரு கொற சொல்லிடக் கூடாது, அம்மாவ வரச் சொல்லிடக் கூடாது. அது ஒன்னுதான் மனசுல ஓடுச்சி. டவுசரு, துண்டு, பையி. கொடியில கெடந்த அம்மா சேலையையும் இழுத்து நனைச்சி, சோப்பு போட்டு, கல்லுல அடிச்சி, பிழிஞ்சி ஒதறினா.

ஒதறினப்பறந்தான் கை நின்னுச்சி.

நேத்து செல்லதுரை அந்தத் தூளியில ஒரு நிமிசம் கெடக்கல. ஒடம்ப வில்லா வளைச்சிக் கத்தினான். வேம்பு அவன வூட்டுக்கே தூக்கிட்டுப் போயிட்டா. பள்ளிக்கூடத்துல பரிச்ச, போகல.

"நாளைக்கும் இப்படின்னா உங்கம்மாவோட வா. என்ன ஏதுன்னு அவகிட்டயே பேசிக்கறேன்" னு டீச்சர் சொல்லி அனுப்பிட்டாங்க.

இப்ப டீச்சர் கையில அந்தச் சேலை. ரெண்டு மடிப்பா மடிச்சி, உத்தரத்துக் கயித்துல போட்டு முடிச்ச இறுக்கினாங்க.

"குடு அவன."

செல்லதுரையத் தூளியில வுட்டாங்க. காலு ரெண்டும் ஒதைச்சிச்சி. ஒரு கத்து கத்தினான்.

வேம்பு பையோட வாரப் புடிச்சிக்கிட்டு நின்னா.

ரெண்டாவது கத்து பாதியில நின்னுச்சி. துணியில மொகத்தப் பொரட்டினான். சேலை மடிப்ப வாயில எடுத்து வச்சி சப்பினான். ஒதைச்ச காலு ஒன்னு வெளிய தொங்குச்சி, அப்பறம் அது ஆடவே இல்ல.

"பாத்தியா," டீச்சர் கொரலத் தாழ்த்திக்கிட்டாங்க. "என்னதான் அக்காக்காரி இடுப்புலயே தூக்கிச் சொமந்தாலும், அம்மா வாசனைக்குத்தான் கெறங்குறான். போறவ அடுத்த திங்கக்கெழமையும் இதே மாதிரி குடுத்தனுப்பச் சொல்லு உங்கம்மாகிட்ட."

"சொல்றேங்க டீச்சர்."

வெளிய வந்தா. செருப்பு எங்க கெடக்குன்னு கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னா.

அம்மா வேலை பாக்குற ரைஸ்மில்லுல, அம்மாவுக்குக் காச்சல்னு சொல்லி வச்சிருக்கா. கரும்பு வெட்ட எறையூர் போன அப்பாவுக்கு ஒன்னும் சொல்லல. ஆண்டிமடத்துல முந்திரி ஒடைக்க ஆள் எடுக்கறாங்க, சனிக்கெழமைக்குள்ள திரும்பிடறேன்னு அரியலூர் பஸ் ஏறின அம்மா இன்னும் வரல. அங்கேருந்து வந்த பூங்காவனம் அக்காகிட்ட கேட்டதுக்கு, உங்கம்மாவ நான் பாக்கவே இல்லையேடின்னுட்டா.

கொடியில அம்மா அவுத்துப் போட்டுட்டுப் போனது அந்த ஒரு சேலைதான்.

நேத்து திரும்பறப்ப மழையில நனைஞ்சது, ராத்திரி வரைக்கும் சரியாக் காயல. ஈரத்தோடவே வேம்பு எடுத்து ஒடம்புல சுத்திக்கிட்டா. தாவணிதான் கட்டிப் பழக்கம், கொசுவம் நிக்கல. முந்தானைய இழுத்து தம்பி மேலயும் போத்தி, அவன நெஞ்சோட சேத்துப் படுத்திருந்தா. விடியறப்ப அவ ஒடம்புச் சூட்டுலயே சேலை காஞ்சிருந்துச்சி.

பள்ளிக்கூட மணி அடிக்கறது தூரத்துல கேட்டுச்சி.

வேம்பு முழங்கைய மூக்குகிட்ட கொண்டுபோயி மோந்து பாத்தா. இன்னொரு கையையும் மோந்து பாத்தா.

அவளுக்கு ஒரு வாசனையும் தெரியல.