பதினெட்டு

"ஏங்க, இன்னிக்கும் பதினெட்டுதாங்க!" பைக் நிற்பதற்குள் அருணா குதித்து இறங்கினாள்.

விற்பனைக்குக் கட்டிய புது வரிசை வீடுகளின் வாசல் வளைவில், தலைக்கு மேலே ஒரு மின்பலகை. 'இங்கே காற்றில் மாசு: 18' என்று பச்சை எழுத்து மின்னியது. பக்கத்திலேயே பசுமை வீடுகளுக்கான பிளாட்டினம் சான்றிதழ், கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. மூன்று ஞாயிறாக அந்தப் பதினெட்டைப் பார்க்கத்தான் அவள் கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். மாதிரி வீடுகூட அதற்கு அப்புறம்தான்.

அவர்கள் குடியிருப்பது இரும்பு உருக்கும் கம்பெனிக்குப் பின்தெருவில். வெள்ளைத் துணி காயப்போட்டால் சாயங்காலம் சாம்பல் நிறத்தில் எடுக்கலாம். பாத்திரம் தேய்த்து முடிப்பதற்குள் அருணாவுக்கு இரண்டு தரம் இன்ஹேலர் வேண்டும். இங்கே வந்தால் மட்டும் அது கைப்பையை விட்டு வெளியே வருவதில்லை.

"காத்துக்குன்னே தனி மார்க் இருக்கு மேடம்," என்றாள் விற்பனைப் பெண் பூமிகா. "அதுலதான் எங்களுக்கு பிளாட்டினமே கெடைச்சுது. இந்த வீடு ஒண்ணுதான் பாக்கி. இன்னிக்கே அட்வான்ஸ் போட்டா உங்களுக்கு."

அருணா சமையலறை ஜன்னலைத் திறந்து மூச்சை இழுத்தாள். உள்ளே போன காற்று எங்கும் இடறாமல் வெளியே வந்தது. இந்த ஜன்னலோரம் நின்று, இருமாமல் ஒரு நாள் ரசம் தாளிக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. அதற்கே கண்ணில் நீர் கட்டியது.

அன்புசெல்வன் வழக்கம்போல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். எலக்ட்ரிக்கல் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவன், இந்த வீட்டுப் பேச்சை எடுத்தாலே உம்மென்று ஆகிவிடுவான். அந்தப் பலகையை ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்திருப்பானா?

அருணா அவனிடம் போய்க் கழுத்துச் சங்கிலியைத் தூக்கிக் காட்டினாள். "இத்த வித்தா அட்வான்ஸ் வந்துடும். சரின்னு சொல்லுங்க."

"வேணாம் அருணா."

"ஒரு வாரம் தூரம்ன்றீங்க, ஒரு வாரம் லோன்ன்றீங்க. நான் மூச்சு வுட முடியாம கஷ்டப்பட்டுக்கினு கெடக்கறது உங்களுக்கு ஒண்ணும் பெருசா தெரியல, இல்ல?"

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். பூமிகா போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"போன மாசம் மார்க் போட ஆளுங்க வந்தாங்கல்ல, அதுக்கு மொத நாளு இந்த போர்டை மாட்டனதே நான்தான். நம்ம தெருவுல அடிக்கிற அதே காத்துதான் இங்கயும். காத்த அளக்கற மெஷினு நூத்தி அறுபது காட்டிச்சு. இந்த வீடுங்களைக் கட்டன ஓனரு மெஷின் ஒயரைப் புடுங்கிட்டு, பதினெட்டுன்னு போட்டு வுடச் சொன்னாரு. போட்டேன்."

"மூணு வாரமா ஏன் சொல்லல?"

"இங்க வந்தா நீ இருமறதே இல்ல. எப்படிச் சொல்றது?"

அருணாவுக்கு நெஞ்சை அடைத்தது. கைப்பைக்குள் துழாவி இன்ஹேலரை எடுத்து, ஒரு இழுப்பு இழுத்தாள். பிறகு அந்தப் பச்சை எழுத்தையே பார்த்தபடி சொன்னாள்: "அப்ப நம்ம ஊட்லயும் ஒண்ணு மாட்டிடுங்க. அடுப்புக்கு நேரா."