உள்ளே ஒரு சண்டைக்காரன்

திருவள்ளூர் ஆஸ்பத்திரி வார்டில் இளமதியின் கணவன் துளசிராமன் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு குப்புறப் படுத்திருக்கிறான். ஜன்னல் வெயில் விழும் அவன் முதுகில் அவள் உள்ளங்கை இருக்கிறது. ஃப்ளூ கிருமி ஓய்ந்துவிட்டதாம். அதை விரட்டக் கிளம்பிய அவனுடைய எதிர்ப்புச் சக்திதான் நிறுத்தத் தெரியாமல் நுரையீரலையே தாக்குகிறதாம். அதை அடக்க ஊசி போட்டிருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் தேறாவிட்டால் வென்டிலேட்டர் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவன் விரலில் மாட்டிய கருவி ஆக்ஸிஜன் அளவு எண்பத்தெட்டு என்று காட்டுகிறது; தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். “கும்மிடிப்பூண்டி பஸ்ல எவன் உன் கால மிதிச்சாலும் நீதான்யா சாரி சொல்லுவ. உனக்குள்ள இம்மாம் சண்டக்காரனா?” என்கிறாள். முதுகு குலுங்குகிறது. “யக்கா, சிரிக்க வெக்காதீங்க, மூச்சு வாங்கும்,” என்று நர்ஸ் அதட்டுகிறாள். இளமதி குனிந்து, அவன் விலாவருகே வாயை வைத்து, உள்ளே சண்டை போடுபவர்களிடம் மெல்லச் சொல்கிறாள்: “நீங்க ஜெயிச்சிட்டீங்கபா. போதும், வுட்டுடுங்க. எனக்கு இவரு வேணும்.”