நாலாவது பானை

இருசம்மாள் கள்ளில் தண்ணீர் கலக்கிறாள் என்று ஆப்காரி இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னது வேறு யாருமில்லை, தினமும் அவள் கடையில் குடிக்கிற மூக்கன்தான்.

மூக்கன் மண்ணச்சநல்லூர் மில்லிலிருந்து திருச்சிக்கு அரிசி மூட்டை ஏற்றிப் போகிற வண்டிக்காரன். வழியில் கொள்ளிடக் கரையில், பாலம் தொடங்குகிற இடத்தில் இருசம்மாளின் கள்ளுக்கடை. சர்க்கார் லைசென்ஸ் உண்டு. வரிசையாக மூன்று பானை: தென்னங்கள், பனங்கள், ஈச்சங்கள். பக்கத்து அடுப்பில் ஆரால் மீன் குழம்பு கொதிக்கும்.

ஒரு வாய் குடித்தால் போதும், எந்த மரத்துக் கள், இறக்கி எத்தனை நாழிகை என்று சொல்லிவிடுவேன் என்று மூக்கன் மார்தட்டுவான். கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்கு அலுத்துவிட்டது.

அவனுக்கு மட்டும் இருசம்மாள் முதலில் குழம்பு வைப்பாள். கண்ணில் நீர் வருகிற காரம். பிறகுதான் மொந்தையைக் கையில் கொடுப்பாள். ஆறு மாதமாக உடம்பு தேறி வந்தது அந்தக் குழம்பால்தான் என்பது மூக்கன் கட்சி. குடித்துவிட்டுப் பாடிக்கொண்டேதான் வண்டி ஓட்டுவான்.

அன்று கூட்டத்தில் மொந்தை மாறிவிட்டது. கூட வந்த சின்னையனுடையதை எடுத்து ஒரு மடக்கு குடித்தான். நெஞ்சு வரைக்கும் சுரீரென்றது. தன்னுடையதை வாங்கிக் குடித்துப் பார்த்தான். சப்பென்று இருந்தது.

"இத்தனை நாளா எனக்கு மட்டும் தண்ணி ஊத்தியிருக்கியா அக்கா? நான் என்ன இளிச்சவாயனா?"

சின்னையன் சிரித்துவிட்டான். மூக்கனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. இருசம்மாள் கரண்டியைக் குழம்பிலேயே விட்டுவிட்டு நின்றாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் மூக்கனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று பானையிலும் குற்றமில்லை. அடுப்புக்குப் பின்னால், சாக்குப் போட்டு மூடி, நாலாவதாக ஒன்று இருந்தது. உள்ளே வெளுத்த தண்ணீர். இது எதற்கு என்று மூன்று தடவை கேட்டார். அவள் மூக்கனை ஒரு தரம் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். கள்ளில் கலக்கத்தான் என்று அவரே எழுதிக்கொண்டு போனார். ஒரே வாரத்தில் லைசென்ஸ் போயிற்று.

மூக்கன் மீசையை முறுக்கிக்கொண்டு துறையூர் ரோட்டுக் கடைக்கு மாறினான். அங்கே கள் கள்ளாகவே இருந்தது. இதையெல்லாம் வீட்டில் சொல்லுவது ஆண்பிள்ளைக்கு அழகில்லை என்று இருந்துவிட்டான்.

பத்தாம் நாள், வீட்டு வாசலில் ரத்த ரத்தமாக வாந்தி எடுத்தான். போன தை மாதமும் இப்படித்தான். இனிக் கள்ளைத் தொட்டால் பிழைக்க மாட்டாய் என்று டாக்டர் அப்போதே சொன்னார். மூக்கன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இருசம்மாக்கா கடைக்குத்தானே போனீங்க?" என்று பதறினாள் அவன் பெண்டாட்டி மாரியாயி.

இனி மறைக்க என்ன இருக்கிறது? நடந்ததைச் சொன்னான். அவள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டுதான் பேசினாள்.

"நான்தான் அவங்க காலைப் பிடிச்சுக் கேட்டேன். நீராகாரத்துல பதநீரைக் கலந்து உங்களுக்குன்னு தனிப்பானை வெச்சாங்க. ருசி தெரியக் கூடாதுன்னுதான் அந்தக் காரம். ஆறு மாசமா நீங்க ஒரு சொட்டுக் கள்ளு குடிக்கலைங்க."

எப்படி நடந்து போனான் என்று அவனுக்கே தெரியாது. பாலத்தடியில் கடை பூட்டிக் கிடந்தது. இருசம்மாள் மணலில் கூடையை வைத்துக்கொண்டு மீன் விற்றுக்கொண்டிருந்தாள். மூக்கனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாழாய்ப்போன நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை என்றிருந்தது.

"இன்ஸ்பெக்டர் கேட்டப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. கடை தப்பிச்சிருக்குமே."

அவள் கூடையிலிருந்த மீன்களின் மேல் ஈரத்துணியைப் போட்டு மூடினாள்.

"நீ பக்கத்துலயே நின்னியே தம்பி. சொன்னா, மாரியாயி கேட்டுத்தான் செஞ்சேன்னு உனக்குத் தெரிஞ்சுபோகும். ஆறு மாசமாத்தான் அவ அடி வாங்காம இருக்கா."